மாதக்கணக்கில் நிற்கும் கார்: பேட்டரிக்கு எந்த வழி சரி?

மகன் வெளிநாட்டில், கார் தஞ்சாவூரில். அல்லது மெட்ரோவில் அலுவலகம் போய்ப் பழகிவிட்ட ஒரு சென்னைக்காரரின் கார், அடுக்குமாடியின் தரைத்தளத்தில் தூண் ஓரமாகக் கவர் போர்த்திக்கொண்டு நிற்கிறது. கல்யாணம், ஆஸ்பத்திரி, குலதெய்வக் கோயில் என்று ஏதாவது வந்தால்தான் வெளியே வரும். வரவேண்டிய அந்த நாளில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், செல்ஃப் எடுக்காது. 2020 மார்ச் ஊரடங்கில் இப்படிப் படுத்துவிட்ட கார்கள் தெருவுக்குத் தெரு இருந்தன.

இதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தினமும் ஸ்டார்ட் செய்து வை, வாரம் ஒருமுறை ஓட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடு, ஸ்மார்ட் சார்ஜர் வாங்கு, சோலார் பேனல் வை, ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று கையில் வைத்துக்கொள். இவற்றில் எது நல்லது என்பது கார் எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எது மோசம் என்பதற்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது. நம் ஊரில் அதிகம் நடப்பதும் அதுதான்.

நிற்கும்போது சார்ஜ் எங்கே போகிறது?

நிற்கிற காரில் பேட்டரி இரண்டு விதமாக இறங்குகிறது. ஒன்று, தன்னாலேயே இறங்குவது. ஈய-அமில பேட்டரியை எதனோடும் இணைக்காமல் மூலையில் வைத்திருந்தாலும் மாதத்துக்கு மூன்று முதல் ஐந்து சதவீதம் சார்ஜ் போய்விடும். இது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. பத்து டிகிரி ஏறினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் சித்திரை, வைகாசிக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கார் குடிப்பது. வண்டியைப் பூட்டிவிட்டு வந்தாலும் அலாரம், சென்ட்ரல் லாக்கிங், ரிமோட் சாவிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் ரிசீவர், கடிகாரம், கணினிப் பெட்டிகளின் நினைவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள காரில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்றே வைப்போம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் ஓர் ஆம்பியர்-மணி), ஒரு மாதத்துக்கு 21 ஆம்பியர்-மணிக்கு மேல். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. புத்தம் புதிதாக, முழு சார்ஜில் நிறுத்தினாலும் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் காலி. ஏற்கெனவே முக்கால்வாசி சார்ஜில் இருந்ததை நிறுத்தினால் மூன்று வாரம் தாண்டுவதே சந்தேகம்.

இது கம்பெனியில் வந்தபடியே இருக்கும் காருக்கு. வெளியே மாட்டிய ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் டிராக்கர் இருந்தால் கணக்கே வேறு. பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம் ஒன்று 300 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 7 ஆம்பியர்-மணி. நான்கு நாளில் பேட்டரி படுத்துவிடும். நிற்கிற காரைக் காவல் காக்க வைத்த கேமராவே வண்டியை நகரவிடாமல் செய்வது ஒரு வேடிக்கை.

இறங்கியதை மறுபடி ஏற்றிக்கொண்டால் போச்சு என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். சார்ஜ் இறங்கும்போது பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தப் படிவு கெட்டிப் படிகங்களாக இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகத் திரும்பாது, பேட்டரியின் கொள்ளளவே நிரந்தரமாகக் குறைந்துவிடும். ஒரு மாதம் காலியாகவே கிடந்த பேட்டரியை இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பினாலும் அது பழைய பேட்டரி இல்லை.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். வண்டி ஒரு இரவு நின்ற பிறகு டெர்மினலில் வைத்துப் பார்த்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் மேலோட்டமாக அதிகம் காட்டும், அதை நம்பக் கூடாது. 12.4-க்குக் கீழே வாரக்கணக்கில் விடக் கூடாது என்பதை ஒரு கோடாக வைத்துக்கொண்டால் போதும். சில பேட்டரிகளின் மேலே பச்சையாகத் தெரியும் சின்னக் கண்ணாடி உண்டு. அது ஆறு செல்களில் ஒரே ஒரு செல்லைத்தான் காட்டுகிறது. பச்சை இருக்கிறதே என்று மற்ற ஐந்துக்கும் உத்தரவாதம் எடுத்துக்கொள்ள முடியாது.

ஐந்து நிமிட ஸ்டார்ட்

அப்பாக்கள் பலருக்கு இது காலைக் கடமை. செய்தித்தாள், காபி, அப்புறம் காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது. இதில் பேட்டரி ஏறுவதில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், ‘ஸ்டார்ட் செய்யவே நிறைய சார்ஜ் போய்விடுகிறது’ என்பது. அது சரியில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும், இரண்டு நொடிதான். ஆம்பியர்-மணிக் கணக்கில் அது 0.1-ஐக்கூடத் தொடாது.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கதவைத் திறந்ததுமே தூங்கிக்கொண்டிருந்த கணினிகள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. பூட்டிய பிறகும் அவை மறுபடி தூங்கப் பல நிமிடம் ஆகும், அதுவரை மில்லி ஆம்பியரில் இல்லை, ஆம்பியரிலேயே குடிக்கும். வண்டி நகராமல் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை ஏற்றும் ஆல்டர்நேட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, அது தரும் கரண்டில் ஒரு பங்கை ஃப்யூயல் பம்ப், இக்னிஷன், ரேடியேட்டர் ஃபேன் முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஐந்து முதல் பத்து ஆம்பியர் பேட்டரிக்குப் போகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், ஐந்து நிமிடத்தில் 0.4 முதல் 0.8 ஆம்பியர்-மணி. ஒரு நாள் முழுக்க நின்றதில் போனதே 0.7. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஏறிய மாதிரி ஒரு திருப்தி, பேட்டரி இருந்த இடத்திலேயே இருக்கும் அல்லது மெல்ல இறங்கும். ஏசியையோ ஹெட்லைட்டையோ போட்டுவிட்டால் நஷ்டம்தான். புதிய கார்கள் பலவற்றில் ஆல்டர்நேட்டர் எவ்வளவு தரவேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த அது ஐடிலிங்கில் கையைச் சுருக்கிக்கொள்ளவும் கூடும்.

பேட்டரிக்கு லாபமில்லை, சரி. எஞ்சினுக்கு இது கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வண்டி நன்றாகச் சூடானால் அது சைலன்சர் வழியே வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே நீராகத் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பீய்ச்சும் பெட்ரோலில் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார் என்றால் இன்னும் மோசம். அதன் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி நல்ல சூட்டில், கொஞ்ச நேரமாவது வேகமாக ஓட வேண்டும். தினமும் நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓட்டுவது அதை அடைத்துவிடுவதற்கு நேர் வழி. இவ்வளவுக்கும் மாதம் இரண்டு லிட்டர் பெட்ரோல் வேறு.

அப்பாவிடம் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வாரா என்பது தனிப் பிரச்சினை. ‘தினமும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பெருமாள் கோயில் வரைக்கும் எடுத்துட்டுப் போயிட்டு வாங்கப்பா’ என்றால் வேலை நடக்கும்.

ஓட்டுவது

ஓட்டுவதற்குத்தான் கார் என்பதால் இது எல்லாவற்றையும்விட இயல்பான வழி. வாரத்துக்கு ஒருமுறை, நிற்காமல் அரை மணி முதல் முக்கால் மணி. சாலையில் ஓடும்போது ஆல்டர்நேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கொடுக்கும், முதல் சில நிமிடங்களில் பேட்டரி நன்றாகவே வாங்கிக்கொள்ளும். ஒரு வாரம் நின்றதில் போன ஐந்து ஆம்பியர்-மணி இதில் திரும்பிவிடும். திரும்பாதது கடைசி இருபது சதவீதம். ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்பக் குறைவாகத்தான் வாங்கும், அந்தக் கடைசிப் பகுதி ஏற மணிக்கணக்கில் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் கார் பேட்டரி எப்போதும் எண்பது சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மோசமில்லை, ஆனால் இரண்டு வாரம் தவறவிட்டால் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு இருக்காது.

பேட்டரியை மட்டும் பார்க்காமல் முழுக் காரையும் பார்த்தால் இந்த வழிக்கு ஈடு இல்லை. டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவது, பிரேக் டிஸ்க் துரு, ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொள்வது, ஏசியின் சீல்கள் காய்வது எல்லாவற்றுக்கும் ஓட்டம்தான் மருந்து. எலிக்கும் அதுதான். நகராத காரின் பானெட்டுக்குள் எலி குடும்பம் நடத்துவது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். அது கடித்த வயரிங்கைச் சரிசெய்ய ஆகும் செலவில் இரண்டு மூன்று பேட்டரி வாங்கலாம்.

ஆனால் யார் ஓட்டுவது? ஓட்டத் தெரிந்தவர் ஊரில் இல்லாததால்தான் பாதிக் கார்கள் நிற்கின்றன. இதற்கு நம்மிடம் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: ஆக்டிங் டிரைவர். பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, பத்து நாளுக்கு ஒருமுறை தெரிந்த ஆக்டிங் டிரைவர் ஒருவரை வரச்சொல்லி, டாக்டர், வங்கி, கோயில் வேலைகளை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். கார் வாங்கியதன் பயனும் கிடைக்கும். டவுனுக்குள் சிக்னல் சிக்னலாக நின்று போகும் நான்கு கிலோமீட்டரை ஓட்டம் என்று எண்ணிக்கொள்ளாமல் பைபாஸ் வரை ஒரு சுற்று போய்வரச் சொல்லுங்கள்.

நெகட்டிவைக் கழற்றுவது

செலவே இல்லாத வழி. பல கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டால் கார் குடிப்பது முழுக்க நின்றுவிடும், பேட்டரி தன்னாலே இறங்குவது மட்டும்தான் மிச்சம். முழு சார்ஜில் கழற்றி வைத்தால், வெயில் காலத்திலும் இரண்டு மூன்று மாதம் கவலையில்லை. முழு சார்ஜில் என்பதுதான் இதில் முக்கியமான சொல். பாதி சார்ஜில் கழற்றி வைப்பது சல்பேட் படிய நாமே இடம்விட்ட கதை.

எப்போதும் நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியாக. காரின் உடல் முழுக்க நெகட்டிவோடு இணைந்தது. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப்போய் பானெட்டின் இரும்பில் பட்டால் நேரடி ஷார்ட், பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கழற்றிய முனை தானாக வளைந்து டெர்மினலைத் தொட்டுவிடாமல் ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

தொல்லைகளும் உண்டு. ரிமோட் வேலை செய்யாது, அலாரம் இருக்காது. மற்ற கதவுகளை உள்ளிருந்தே பூட்டிக்கொண்டு கடைசியாக டிரைவர் கதவைச் சாவியால் பூட்ட வேண்டும். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சாவியை எடுத்து, அது கதவில் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். டிக்கி மின்சாரத்தில் மட்டும் திறக்கும் கார்களும் உண்டு. பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும் கார் என்றால் மூடுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். மறுபடி மாட்டியதும் கடிகாரம் தவறாக ஓடும், சில ஸ்டீரியோக்கள் ரகசிய எண் கேட்கும், ஒரே தொடுதலில் ஏறும் கண்ணாடிக்கு மறுபடி பாடம் சொல்லித்தர வேண்டும், ஐடிலிங் சில நிமிடம் முன்பின்னாக இருக்கும். எல்லாம் தற்காலிகம்தான். வாரம் ஒருமுறை எடுக்கிற காருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, மூன்று மாதம் நிற்கிற காருக்கு இது ஒரு பொருட்டேயில்லை.

இணைப்பைத் துண்டிக்க, திருகுகிற குமிழோடு வரும் ஐசோலேட்டர் சுவிட்ச் ஒன்றைச் சில நூறு ரூபாயில் நெகட்டிவ் டெர்மினலில் மாட்டிக்கொண்டால் ஸ்பேனர் வேலையும் மிச்சம். ரொம்ப மலிவானதை வாங்காதீர்கள். தளர்ந்துபோனால் ஸ்டார்ட் செய்யும்போது பாயும் கரண்டுக்கு அந்த இடம் சூடாகும்.

ஸ்மார்ட் சார்ஜர்

பேட்டரியை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. முதலில் நல்ல கரண்ட் கொடுத்து ஏற்றும், 14.4 வோல்ட்டை ஒட்டி வந்ததும் கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும், நிரம்பியதும் 13.5 வோல்ட் அளவில் சும்மா தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஓட்டத்தால் எட்ட முடியாத அந்தக் கடைசி இருபது சதவீதத்தை இது நிரப்பிவிடும். சல்பேட் இறுகவே வாய்ப்பில்லை. தாங்கிப் பிடிக்கும் நிலையில் மின்செலவும் மாதம் நான்கைந்து யூனிட்டைத் தாண்டாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. டிரிக்கிள் சார்ஜர் என்ற பெயரில் வெறும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணிப் பெட்டிகளும் விற்கின்றன. அவற்றுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. நிரம்பிய பேட்டரிக்குள் தொடர்ந்து கரண்டைத் தள்ளித் தண்ணீரை வாயுவாகப் பிரித்து வெளியேற்றிவிடும். மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சமாளிக்கலாம், மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியில் ஊற்ற வழியே இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் கார் பேட்டரியை மாட்டி ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களும் உண்டு. 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்காகச் செய்த இன்வெர்ட்டர் பத்துப் பதினைந்து ஆம்பியரில் ஏற்றும். 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்றரை, நான்கு ஆம்பியர்தான் அளவு. வேண்டாம்.

சார்ஜரின் சிவப்புக் கிளிப் பாசிட்டிவ் டெர்மினலுக்கு, கறுப்புக் கிளிப் எஞ்சின் அல்லது உடலின் பெயின்ட் இல்லாத இரும்புக்கு. புதிய கார்களில் நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்து வரவு செலவு எழுதிக்கொண்டிருக்கும். கறுப்பை நேராக டெர்மினலில் மாட்டினால் நாம் ஏற்றியது அதன் கணக்கில் வராது. சிக்னலில் எஞ்சினைத் தானாக அணைத்து மறுபடி கிளப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள கார்களில் இருக்கும் இஎஃப்பி, ஏஜிஎம் வகைப் பேட்டரிகளுக்கு ஏற்ற தேர்வு சார்ஜரில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் கட் ஆகி மின்சாரம் திரும்பி வந்ததும் தானாக வேலையைத் தொடருமா, அல்லது பட்டனை மறுபடி அழுத்த வேண்டுமா என்பதையும் கடையிலேயே கேட்டுவிட வேண்டும். நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

குறை என்ன? நல்ல சார்ஜரின் விலை ஒரு சின்ன கார் பேட்டரியின் விலையை நெருங்கலாம். நான்காயிரம், ஐயாயிரம் ரூபாய் பேட்டரியைக் காக்க அதே விலைக்கு ஒரு பெட்டியா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சார்ஜர் பல பேட்டரிகளைக் காணும். ஏஜிஎம் பேட்டரி உள்ள காருக்கு இந்தக் கேள்வியே எழாது, அந்தப் பேட்டரியின் விலை அப்படி. இரண்டாவது குறை பிளக் பாயிண்ட். போர்டிகோ உள்ள தனி வீட்டில் பிரச்சினையில்லை. அடுக்குமாடியில் பொது மின்சாரத்தில் மாட்டினால் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், மூன்றாம் மாடியிலிருந்து வயர் இறக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் மாதம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய் ஓர் இரவு ஏற்றலாம். சின்ன பேட்டரி சுமார் பத்து கிலோதான். சாய்க்காமல் தூக்கி, காற்றோட்டமான பால்கனியில் வைத்து ஏற்றுங்கள். நிரம்பும் நேரத்தில் ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பூஜை விளக்கு, அடுப்புப் பக்கம் கூடாது.

சோலார், ஜம்ப் ஸ்டார்ட்டர்

வெயில் கொளுத்தும் ஊரில் சோலார்தான் விடையாக இருக்க வேண்டும் என்று தோன்றும். கணக்கும் ஒத்துவருகிறது. பத்து வாட் பேனல் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டில் படுத்தபடி பாதி வேலைதான் செய்தாலும் நாளுக்கு ஓர் ஆம்பியர்-மணி தரும். கார் குடிக்கும் 0.7-க்கு அது போதும். ஆனால் அதற்குக் கார் நாள் முழுக்க வெயிலில், கவர் இல்லாமல் நிற்க வேண்டும். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும், டேஷ்போர்டைப் பிளக்கும், பெயின்டை வெளுக்க வைக்கும். பேட்டரிக்காக மற்ற எல்லாவற்றையும் வெயிலில் காயப்போடும் ஏற்பாடு இது. நிழலிலோ கவருக்குள்ளோ நிற்கும் காருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. வேறு வழியே இல்லாமல் திறந்தவெளியில் நிறுத்துபவருக்கு மட்டும் சொல்வேன். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகையை வாங்குவதற்கு முன், சாவியை அணைத்த பிறகும் அந்தத் துளையில் கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் இருக்காது, பேனல் வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருக்கும்.

ஜம்ப் ஸ்டார்ட்டர் பேட்டரியைக் காக்காது, செத்த அன்றைக்கு நம்மைக் காக்கும். வேறொரு கார் இல்லாமலே கிளம்பிவிடலாம் என்பது பெரிய வசதிதான். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்பதால் அதை வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதல் தைரியம். ஆனால் அதற்குள் இருப்பதும் லித்தியம் பேட்டரிதான். அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றி வைக்க வேண்டும், வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்கவே கூடாது. ஜம்ப் செய்து கிளப்பிய காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஏறிவிட்டது என்று விட்டுவிடுவதும் சரியில்லை. அடியோடு இறங்கிய பேட்டரியைப் பேட்டரிக் கடையில் கொடுத்தாவது ஓர் இரவு மெதுவாக ஏற்றினால்தான் கொஞ்சமாவது தேறும்.

யாருக்கு எது?

ஊரில் இருக்கிறீர்கள், ஓட்டத் தெரியும், வேலைக்கு மட்டும் கார் எடுப்பதில்லை என்றால் வாரம் ஒரு நீண்ட ஓட்டம் போதும், வேறு எதுவும் வாங்க வேண்டாம். மல்டிமீட்டரில் தொடர்ந்து 12.4-க்குக் கீழே காட்டினால் மட்டும் சார்ஜரைப் பற்றி யோசியுங்கள்.

பெற்றோர் இருக்கிறார்கள், ஓட்ட ஆளில்லை, போர்டிகோவில் பிளக் இருக்கிறது என்றால் ஸ்மார்ட் சார்ஜரும் ஆக்டிங் டிரைவரும் சேர்ந்த கூட்டணிதான் என் தேர்வு. சார்ஜரின் வளைய முனை கொண்ட வயரை மெக்கானிக்கை வைத்து நிரந்தரமாகப் பொருத்திவிட்டால், பெரியவர்கள் பானெட்டுக்குள் கிளிப் மாட்டிக்கொண்டிருக்க வேண்டாம், செல்போன் சார்ஜர் போலச் செருகினால் போதும். மழைச்சாரல் படும் இடமா என்பதை மட்டும் பார்த்துச் செய்யுங்கள்.

வீடே பூட்டிக்கிடக்கிறது என்றால் முழு சார்ஜ் ஏற்றி நெகட்டிவைக் கழற்றுவது. ஆளில்லாத வீட்டில் இடி மின்னலுக்கும் வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் நடுவே ஆறு மாதம் சார்ஜரைச் செருகி வைப்பதை நான் சொல்லமாட்டேன், அது எவ்வளவு ஸ்மார்ட்டாக இருந்தாலும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறவினர் யாராவது வந்து மாட்டி, ஓட்டி, ஏற்றி, மறுபடி கழற்றிவிட்டுப் போகட்டும். அடுக்குமாடியில் மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்கும் இதேதான்.

மின்சார கார் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று இருந்துவிட வேண்டாம். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் பூட்டுகளையும் கணினிகளையும் இயக்க அதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது படுத்தால் ரிமோட்டில் கதவு திறக்காது, காரும் கிளம்பாது. பெரியதிலிருந்து சின்னதற்கு அவ்வப்போது தானாக ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு உங்கள் காரில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும், முழு சார்ஜில் நிறுத்திய கார் ஒரு வாரத்திலேயே எடுக்க மறுத்தால் முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன் நெகட்டிவ் வயருக்கு நடுவில் அம்மீட்டரை வைத்து, கார் முழுதாகத் தூங்க அரை மணி நேரம் காத்திருந்து அளந்து சொல்வார். 50 மில்லி ஆம்பியருக்கு நன்றாக மேலே காட்டினால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தே குற்றவாளியைப் பிடித்துவிடலாம். பெரும்பாலும் வெளியே மாட்டிய ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியைக் காரை ஒட்டிய சுவரில் மாட்டி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சாவி அருகிலேயே இருந்தால் சில கார்கள் தூங்கவே தூங்காது.

ஒழுகலும் இல்லை, கழற்றி வைத்தும் இரண்டு மூன்று நாளில் 12.2-க்குக் கீழே வந்துவிடுகிறது என்றால் பேட்டரியின் காலம் முடிந்தது, சார்ஜர் வாங்கி அதன்மேல் பணம் போட வேண்டாம். புதிது வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். கடை அலமாரியில் நின்றாலும் பேட்டரி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆறு மாதம் கடந்தது என்றால் வேறு எடுத்துத்தரச் சொல்லுங்கள், பில் போடும் முன் 12.5-க்கு மேல் காட்டுகிறதா என்று கடைக்காரரையே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழையதை அங்கேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.